ரத்தக்காட்டேரிக்காக அழுத பெண்ணின் அப்பாவுக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அவசரமாக எழுத வேண்டிய விஷயம் இல்லை என்று தோன்றியது, எடுத்து வைத்துவிட்டேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பதறிப்போய் விசாரித்தால், கேமில் வரும் ஒரு ரத்தக்காட்டேரி தன் எஜமானைக் குத்திக் கொன்றுவிட்டு அழுகிறான், அதைப் பார்த்துத் தனக்கும் அழுகை வந்துவிட்டது என்றாளாம். "கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மை அது, சாவி கொடுத்தால் ஆடுகிறது, அதற்கு உயிர் இருக்கிறதா என்ன?" என்பது உங்கள் கேள்வி. கோபத்தில் கேட்டதாக எனக்குப் படவில்லை. கோபமாக இருந்திருந்தால், கேமின் பெயரையும் அந்தக் காட்டேரியின் பெயரையும் அவளிடம் கேட்டு, எழுத்துக்கூட்டி எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

பால்டர்ஸ் கேட் 3. அவன் பெயர் அஸ்டேரியன். அந்த இடத்தில் நானும் அழுதிருக்கிறேன். எனக்கு வயது 44.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பால்டர்ஸ் கேட் என்பது ஒரு கற்பனைத் துறைமுக நகரம். அங்கே நீதிபதியாக இருந்த அஸ்டேரியனை, கசடோர் என்ற பெரிய காட்டேரி கடித்துத் தன் அடிமையாக்கிக்கொள்கிறான். கிட்டத்தட்ட 200 வருஷ அடிமைத்தனம். மனித ரத்தம் குடிக்க அனுமதி கிடையாது, எலிதான். வேலை என்னவென்றால், ராத்திரியில் ஊருக்குள் போய்ச் சிரித்துப் பேசி, ஆள் மயக்கி, எஜமானுக்கு இரையாகக் கூட்டி வருவது. அந்த வேலைக்கு ஒரு குரல் தேவைப்படும் அல்லவா? கொஞ்சுகிற, வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுத்து மேலே தூக்கி விடுகிற குரல். கேமின் முதல் பல மணி நேரம் நாம் கேட்பது அதைத்தான். முதல் சந்திப்பில், புல்லுக்குள் ஏதோ ஆபத்தான ஜந்து பதுங்கியிருக்கிறது, வந்து கொஞ்சம் உதவுங்கள் என்று நயமாகக் கூப்பிடுகிறான். கிட்டே போனால் கழுத்தில் கத்தி.

அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருக்கிறது. அது தாழ்வாக, இழுப்பு இல்லாமல், அவசரமில்லாமல் வரும். எப்போதாவதுதான் வரும். ஒரு ராத்திரி அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காட்டேரிக்குப் பிம்பம் கிடையாது. தன் முகம் எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது, நம்மைப் பார்த்துக் கேட்கிறான். பேச்சு வழக்கமான குழைவோடுதான் போகிறது. நடுவில் ஒரே ஒரு நொடி, கால் தடுக்கிய மாதிரி, அந்தத் தாழ்ந்த குரல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கவனிக்காதவர்களுக்கு அது தெரியாது. உங்கள் மகள் கவனித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். கவனித்திருந்தால்தான் கடைசியில் அழுகை வரும்.

கடைசியில் கசடோரின் மாளிகைக்குப் போகிறோம். ஒரு கொடிய சடங்கை நடத்தினால் அஸ்டேரியன் எஜமானின் இடத்துக்கே வந்துவிடலாம், வெயிலில் நடக்கலாம், எதற்கும் பயப்பட வேண்டாம். விலை, ஆயிரக்கணக்கான உயிர்கள். அதைச் செய்யவிட்டால், அவன் குரல் அதன் பிறகு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதிகாரம் தலைக்கேறி, பழைய எஜமானின் வாடை அடிக்கத் தொடங்குகிறது. தடுத்துப் பேசி நிறுத்தினால், அவன் சடங்கை விட்டுவிட்டுக் கத்தியோடு கசடோர் மேல் பாய்கிறான். ஒரு குத்து, இரண்டு குத்து என்று எண்ண முடியாது. குத்திக்கொண்டே கத்துகிறான். பிறகு கத்தியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து அழுகிறான்.

அந்த அழுகையில் வசனம் இல்லை. எழுத்தாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த இடத்தில் 'அழுகிறான்' என்று ஒரு சொல்லை எழுதி வைக்கலாம், அதற்கு மேல் அவரால் முடியாது. படம் வரைந்தவர்கள் தோள் குலுங்குவதைக் காட்டலாம். 200 வருஷத்து ஆத்திரம் தீர்ந்துபோன பிறகும் ஒன்றும் குறையவில்லையே என்று தெரிகிற அந்த ஓலம், அது ஒரு மனிதனின் தொண்டையிலிருந்துதான் வந்தாக வேண்டும். நீல் நியூபன் என்ற பிரிட்டிஷ் நடிகரின் தொண்டையிலிருந்து வந்தது. 2023 டிசம்பர் 7 அன்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த நடிப்புக்கான விருதை அவருக்குக் கொடுத்தார்கள்.

பொம்மை என்கிறீர்கள். பொம்மைதான். அதற்குள் இருந்து அழுதது ஒரு ஆள். உங்கள் மகளுக்குக் கேட்டது அவர்தான்.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் இந்தத் தொடரை நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து விளையாடுகிறவன். இதில் குரல் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் என் பதில் முழுசாகும்.

முதல் பால்டர்ஸ் கேட் 1998 டிசம்பரில் வந்தது. கனடாவின் எட்மண்டன் நகரில் இருந்த பயோவேர் என்ற நிறுவனம் செய்தது. 5 சிடி. கதையில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது, அடுத்த சிடியைப் போடு என்று திரையில் கேட்கும், எழுந்து போய் மாற்ற வேண்டும். அதில் பேச்சு பெரும்பாலும் எழுத்துதான். திரையின் அடியில் ஒரு பெட்டியில் வரிவரியாக ஓடும். முக்கியமான ஆள் என்றால் முதல் வரியை மட்டும் பேசுவார், மிச்சத்தை நாம் படித்துக்கொள்ள வேண்டும். சிடியில் இடம் குறைவு, குரல் பதிவுக்குச் செலவும் அதிகம். கூட வரும் தோழர்களுக்குத் தலைக்குச் சில குறுகிய வரிகள். க்ளிக் செய்தால் ஒன்று, போ என்றால் ஒன்று, அடிபட்டால் ஒன்று. சும்மா சும்மா க்ளிக் செய்தால் எரிச்சலாக ஒன்று.

அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனையே உண்டாக்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். மின்ஸ்க் என்று ஒருவன். மொட்டைத் தலை, மலை மாதிரி உடம்பு, மண்டையில் அடிபட்டதில் புத்தி கொஞ்சம் பிசகியவன். கையில் ஒரு வெள்ளெலி மாதிரியான சின்னப் பிராணி வைத்திருப்பான், ஹாம்ஸ்டர் என்பார்கள். அதன் பெயர் பூ. நம் ஊர்ப் பூ இல்லை, குழந்தையைப் பயமுறுத்த 'பூ' என்போமே, அந்தப் பூ. அது விண்வெளியிலிருந்து வந்த ராட்சத ஹாம்ஸ்டரின் குட்டி வகை என்று அவன் சத்தியம் செய்வான். சண்டை வந்தால், எதிரியின் கண்ணைப் பார்த்துப் பாய் என்று அதற்குக் கட்டளை இடுவான். இந்த ஆள் காகிதத்தில் பிறந்தது, கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஓலென் தன் நண்பர்களோடு மேஜையில் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடிய கதை விளையாட்டில். கேரக்டர் பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் எழுத்தில் படித்துப் பாருங்கள், ஒரு கோமாளி, அவ்வளவுதான். குரல் கொடுத்தவர் ஜிம் கம்மிங்ஸ். டிஸ்னியின் 'வின்னி த பூ' கரடிக்குட்டிக்கு 1988 முதல் பேசி வருகிற அதே மனிதர். அவர் மின்ஸ்கைக் கிண்டல் செய்யாமல் பேசினார். அந்த ஹாம்ஸ்டரின் மேல் முழு நம்பிக்கை வைத்து, நெஞ்சு நிறையக் கத்தினார். கோமாளி போய், சூதுவாது தெரியாத ஒரு நல்லவன் வந்து நின்றான். இருபத்தைந்து வருஷம் கழித்து மூன்றாம் பாகத்தில் மின்ஸ்க் திரும்பி வந்தபோது மேத்யூ மெர்சர் பேசினார். அவரும் நன்றாகத்தான் பேசினார். எனக்குப் பழைய குரல்தான் மின்ஸ்க்.

இமோயனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

இமோயன் முதல் பாகத்தில் நம்மோடு ஒரே இடத்தில் வளர்ந்த பெண். துடுக்கு. பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரி. கேமில் நம்மோடு முதலில் சேர்கிற தோழி அவள். ஆனால் கேமை உருவாக்கும் வேலை கிட்டத்தட்ட முடியும் தறுவாயில்தான் அவளைச் சேர்த்தார்கள். ஆரம்பக் கட்டத்தில் நம்பிச் சேர்த்துக்கொள்ள, புத்தி தெளிவாக உள்ள ஒரு திருடி தேவைப்பட்டாள், அவ்வளவுதான் காரணம். அவளுக்கென்று தனியாகக் குரல் பதிவு செய்யவில்லை. முன்னால் செய்து, வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு டெமோவில், ஒரு காவலாளிக் கேரக்டருக்கு மெலிசா டிஸ்னி என்ற நடிகை பேசிய பதிவு மிச்சம் கிடந்தது. அதை வெட்டி ஒட்டி இமோயனுக்குக் கொடுத்தார்கள். தையல் கடையில் மிச்சத் துணியைச் சேர்த்துக் குழந்தைக்குச் சட்டை தைப்பார்களே, அப்படி.

அந்த ஒட்டுத் துணிச் சட்டையில் நின்ற பெண்ணை விளையாடியவர்கள் விடவில்லை. அந்தக் குரலில் இருந்த ஒரு கலகலப்பு, யாரையும் பெயர் சொல்லிக் கேலி செய்கிற சுபாவம், அது ஒட்டிக்கொண்டது. 2000 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது அவள் கதையின் நடுவில் இருந்தாள். வில்லனோடு சேர்த்து அவளையும் மந்திரவாதிகள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அவளைத் தேடித்தான் நாம் கடல் கடந்து போகிறோம், அவள் நம் ரத்த சம்பந்தமான சகோதரி என்று தெரிகிறது. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய சில வினாடி ஒலி, ஒரு தங்கையாகிவிட்டது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த இரண்டாம் பாகத்தின் வில்லன் ஐரெனிகஸ். பேசியவர் டேவிட் வார்னர். 1965இல் இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையில் ஹாம்லெட்டாக நடித்தவர். 'டைட்டானிக்' படத்தில் கதாநாயகியின் வருங்காலக் கணவனுக்கு வேலையாளாக வருவாரே, அவர். கேம் தொடங்கும்போது நாம் ஒரு கூண்டுக்குள் விழிக்கிறோம். அவன் வந்து எதிரே நின்று, அடுத்த பரிசோதனையைத் தொடங்கலாம் என்கிறான். கத்தவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைத் தயார் செய்கிற லேப்காரர் பேசுகிற மாதிரி, கொஞ்சம் களைப்பாகப் பேசுகிறான்.

ஏன் அப்படிப் பேசுகிறான் என்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அவன் ஒரு காலத்தில் எல்ஃப் இனத்தவன், அந்த நாட்டு ராணியைக் காதலித்தவன். செய்த பாவத்துக்காக அவனை விரட்டி, அவன் ஆத்மாவையும் நீண்ட ஆயுளையும் பிடுங்கிவிடுகிறார்கள். ஆத்மா போனதோடு உணர்ச்சியும் வடிந்துபோனது. கடைசியில் அதே ராணியின் முன்னால் நின்று, உன்னை நேசித்தது எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது, முயன்று பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை என்கிற பொருளில் பேசுகிறான். அப்போதுதான், முதல் காட்சியில் கேட்ட அந்தக் களைப்பு ஏன் என்று நமக்கு உறைக்கிறது. வார்னர் அந்த வெறுமையை முதல் வார்த்தையிலிருந்தே வைத்திருக்கிறார். நடிகன் ஒரு உணர்ச்சியைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறோம். உணர்ச்சி இருந்த இடம் காலியாகக் கிடப்பதைக் காட்டுவது சாதாரண வேலை இல்லை. வார்னர் 2022 ஜூலை 24 அன்று 80 வயதில் காலமானார். அன்று ராத்திரி அந்தக் கூண்டுக் காட்சியை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாகத்துக்குப் பிறகு தொடர் நீண்ட காலம் தூங்கியது. 2023 ஆகஸ்ட் 3 அன்று, பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உள்ள லாரியன் ஸ்டூடியோஸ் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. இதில் எல்லோரும் பேசுகிறார்கள். கடைத்தெருவில் மீன் விற்கிறவள், ஜெயிலில் கிடக்கிறவன், மந்திரத்தால் எழுப்பினால் செத்துப்போன பிணம், மிருக பாஷை தெரிந்தால் அணில், எருது, எலி எல்லாம் பேசும். காட்சிகளை மட்டும் சேர்த்தால் 174 மணி நேரம் என்று லாரியன் சொன்னது. நாம் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுப்போம் என்று தெரியாது என்பதால், ஒரே காட்சிக்குப் பிரியமாக ஒன்று, கசப்பாக ஒன்று, காதலாகிப்போனால் ஒன்று என்று நடிகர்கள் அத்தனையையும் பேசி வைக்க வேண்டும். அதில் பாதியை நாம் ஒருபோதும் கேட்க மாட்டோம். நம்மில் யாருமே போகாத பாதையில்கூட ஒருவர் முழு மனதோடு பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நம் டப்பிங் அறையில் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரையில் படம் ஓடும், அந்த உதட்டசைவுக்குள் தமிழைப் பொருத்த வேண்டும். கேமில் இது தலைகீழ். முதலில் குரல், அதன் பிறகுதான் முகம். உதடு குரலைத் தேடி வரும். பால்டர்ஸ் கேட் 3இல் குரலோடு உடம்பையும் சேர்த்துப் பிடித்தார்கள். உணர்கருவிகள் பொருத்திய இறுக்கமான உடையைப் போட்டுக்கொண்டு நடிகர்கள் பேசினார்கள், கை வீச்சும் தோள் திருப்பலும் அவர்களுடையதே. மோஷன் கேப்சர் என்கிறார்கள். அஸ்டேரியன் விரலை நீட்டி மடக்குகிற நளினமெல்லாம் நியூபன் உடம்பு செய்தது. கார்லாக் என்ற பெண் வீராங்கனையைக் கேட்டுப் பாருங்கள் மகளிடம். நரகத்தில் அவள் இதயத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு எரியும் யந்திரத்தை வைத்துவிட்டார்கள். யாரையாவது தொட்டால் அவர்கள் வெந்துவிடுவார்கள். அவளைக் காட்டிக்கொடுத்தவனைக் கொன்ற பிறகும் அவள் சாகத்தான் போகிறாள், பழி தீர்த்ததால் ஒரு நாள்கூட ஆயுள் கூடவில்லை. நான் சாக விரும்பவில்லை, எனக்கு வாழ வேண்டும் என்று வானத்தைப் பார்த்துக் கதறுகிறாள். சமந்தா பெயார்ட் அந்த இடத்தில் குரல் உடைந்து, மூச்சு முட்டி, அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லாமல் பேசியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொருவர், ஆண்ட்ரூ வின்காட். ரஃபேல் என்ற நரகத்துப் பிசாசு. ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டி, எதுகை மோனையோடு பேசி, ஆத்மாவை எழுதி வாங்குகிறவன். அவன் வீட்டிலேயே அவனோடு மோதும்போது பின்னணியில் ஒரு பாட்டு வரும், எதிரியாகிய ரஃபேலே தன் வெற்றியைப் பற்றிப் பாடுகிறான். பாடியதும் வின்காட்தான், இசை போரிஸ்லாவ் ஸ்லாவோவ். 2024இல் பாஃப்டா வின்காட்டுக்குத் துணை நடிகர் விருது கொடுத்தது. இந்த மனிதர் பிபிசி வானொலியின் 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகத்தில் வெகுகாலமாக நடிப்பவர். அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் பிடிபட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முகம் தெரியாது, உடை தெரியாது, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள், கோர்ட் சீன் வந்தால் கை அப்படியே நிற்கும். நண்பரே, உங்கள் வயதைப் பார்த்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் அழுதிருப்பீர்கள். உங்கள் மகளின் லேப்டாப்பில் நடந்தது அந்த மத்தியானத்தின் தொடர்ச்சிதான் என்று நான் நம்புகிறேன்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 80களில் மோகன் படங்களைப் பார்த்து உருகியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரல் எஸ்.என்.சுரேந்தருடையது என்று தெரியும்? கேம் உலகத்திலும் நெடுங்காலம் அதே கதைதான். கத்திக்குத்துப் பட்டுச் சாவது, தீயில் வெந்து சாவது, மலையிலிருந்து விழுந்து சாவது என்று மணிக்கணக்கில் அலற வேண்டும். தொண்டை போய்விடும். அதற்கு வரம்பு வேண்டும், நியாயமான பணம் வேண்டும் என்று கேட்டு 2016இல் அமெரிக்க நடிகர் சங்கம் கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. 340 நாள் நீடித்தது. 2024 ஜூலை 26இல் மறுபடியும் ஒன்று, இந்த முறை செயற்கை நுண்ணறிவால் குரலையும் உடலசைவையும் நகலெடுப்பதற்கு எதிராக. ஏறத்தாழ ஒரு வருஷம் இழுத்து, 2025 ஜூலையில் ஒப்பந்தம் உறுப்பினர்களின் ஓட்டோடு உறுதியானது.

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. பால்டர்ஸ் கேட் 3இல் கதைசொல்லி ஒருத்தி உண்டு. நாம் பகடை உருட்டும்போதெல்லாம், நீ இதைப் பார்க்கிறாய், உன் முதுகு சில்லிடுகிறது என்று முன்னிலையில் சொல்லிக்கொண்டே வருவாள். கூத்தில் கட்டியங்காரன் இருப்பதைப் போல, அவள் இல்லாமல் ஆட்டம் நகராது. பேசியவர் அமேலியா டைலர். 2024இல் அவர் குரலை அவருக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, வாயால் சொல்லக் கூசுகிற அசிங்கத்தை அந்தக் குரலில் படிக்கவைத்து நேரலையில் ஓடவிட்டார்கள். அவரே வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். ஒருவருடைய குரல் அவருடைய உடம்பின் பாகம். அதை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. வெட்டி ஒட்டிய இமோயனைக் கொண்டாடிவிட்டு இதைச் சொல்கிறாயே என்று நீங்கள் கேட்கலாம். இமோயனின் ஒவ்வொரு துணுக்கையும் மெலிசா டிஸ்னி மைக் முன்னால் நின்று, ஒரு கேமுக்காகப் பேசியிருந்தார். அவர் சொல்லாத ஒரு சொல்லும் அதில் இல்லை.

இவ்வளவு பேர் பேசுகிற மூன்றாம் பாகத்தில், ஒரே ஒரு ஆள் மட்டும் உரையாடலில் வாய் திறப்பதில்லை. அது நாம். நம் கேரக்டருக்கு ஒரு குரலைத் தேர்ந்தெடுக்கலாம், நடக்கும்போதும் சண்டையிலும் அது ஏதோ முணுமுணுக்கும். அஸ்டேரியன் நம் முன்னால் உட்கார்ந்து அழும்போது நாம் சொல்கிற ஆறுதல் எழுத்தாகத்தான் இருக்கும், அதற்குக் குரல் கிடையாது. 1998இலும் அப்படித்தான், 2023இலும் அப்படித்தான். அந்த இடத்தை விளையாடுகிறவருக்கென்று காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அன்றைக்கு ராத்திரி மனசுக்குள் அதை எந்தக் குரலில் சொன்னாள், எந்த மொழியில் சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள். நான் மதுரைத் தமிழில்தான் சொல்வேன்.

பழைய பால்டர்ஸ் கேட்டில் இதற்கு ஒரு வசதி இருந்தது. நம் கேரக்டருக்கு நாமே குரலைப் பதிவு செய்து, வேவ் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் கேம் அதையே எடுத்துக்கொள்ளும். 2002 ஆடி மாதம், என் தங்கை எட்டாம் வகுப்பு. என் கேரக்டர் ஒரு பெண் வீராங்கனை, அதற்கு நீதான் பேச வேண்டும் என்றேன். அறுபது ரூபாய் மைக் ஒன்றை வாங்கி வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் தெருவில் மாரியம்மன் கோயில் திருவிழா, குழாய் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அது ஓய்கிற இடைவெளியில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வரி. முதல் வரியையே அவள் பதினைந்து தடவை பேசினாள், ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்துவிடும். பதினாறாவது தடவை சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கத்தி பிடித்தவள் மாதிரி கையை இறுக்கிக்கொண்டு பேசினாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம் பழைய சிடிக்களைத் தேடி எடுத்தேன். ஒன்றில் அந்த எட்டுக் கோப்பும் இருந்தன. அந்த கேமின் புதிய பதிப்பு இப்போதும் இந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. போட்டுவிட்டு, திரையில் நிற்கிற அந்த இரும்புச் சட்டைக்காரியை ஒரு க்ளிக் செய்தேன்.

"என்னண்ணே?"

இன்னொரு க்ளிக். "போறேன், போறேன்." மூன்றாவது, நான்காவது. "சும்மா சும்மா தட்டாதீங்கண்ணே, வலிக்குது." அந்த வரியின் முடிவில், தூரத்தில், பொங்கல் வைக்கிறவர்கள் அடுப்பை வடக்குப் பார்த்துப் போடும்படி யாரோ மைக்கில் அறிவிப்பது லேசாகக் கேட்கிறது.

அன்புடன்,
உங்கள் நண்பன்